இருக்கையும் ஊதியமும்: இந்திய உள்ளாட்சி அமைப்புகளில் பெண்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்திய உள்ளாட்சியில் பெண்களின் இடம் குறித்து எழுதப்பெறும் கட்டுரைகள் பலவும் 1993ஆம் ஆண்டில் தொடங்கி இட ஒதுக்கீட்டின் விழுக்காட்டைச் சொல்லி முடிந்துவிடுகின்றன. மன்றத்தில் அமர்ந்த பெண்ணைப் பற்றி அவை பேசுகின்றன. அதே மன்றத்தின் ஊதியப் பட்டியலில் பெயர் இடம்பெற்ற, அல்லது இடம்பெறாத பெண்ணைப் பற்றி அவை பேசுவது அரிது. உள்ளாட்சி அமைப்பு என்பது ஆளும் மன்றம் மட்டுமன்று. அது வேலை தரும் நிறுவனமும் ஆகும். தெருவைப் பெருக்குவோர், மகப்பேற்று மனையின் செவிலியர், சாலைப் பணிக்கு மண் சுமப்போர், சத்துணவுக் கூடத்தில் உலை வைப்போர் ஆகிய அனைவரும் அந்நிறுவனத்தின் ஆட்களே. எனவே மன்றத்து இருக்கை, பணிக்குரிய ஊதியம் என்னும் இரண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்க இக்கட்டுரை முயல்கிறது. இருக்கையின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. ஊதியத்தின் வரலாறோ பெரிதும் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குள் கிடக்கிறது. ஆதலின் அப்பகுதி இங்குச் சற்று விரிந்தமைகிறது.

கல்வெட்டு காட்டும் இரு நிலைகள்

உள்ளாட்சி என்றவுடன் தமிழ் ஆய்வுலகம் உத்தரமேரூருக்குச் செல்வது மரபு. முதலாம் பராந்தகனின் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற இரண்டு கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. இரண்டாம் கல்வெட்டின்படி, வாரியத்திற்குத் தகுதியுடையவர் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவராகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும், வேதக் கல்வி உடையவராகவும் இருத்தல் வேண்டும். இத்தகுதிகளை உலக மக்களாட்சி வரலாற்றின் பெருமிதமாக நாம் எடுத்துக்காட்டி வருகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அக்கல்வெட்டில் பெண் எங்கே வருகிறாள் என்று தேடிப் பார்ப்பது பயனுடையது.

அவள் தகுதிப் பட்டியலில் வரவில்லை. தகுதியின்மைப் பட்டியலில்தான் வருகிறாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் பெயர் எழுதிக் குடத்தில் இடப்பெறுதற்கு உரியர் அல்லர் என்று சபை விதிக்கிறது. அவ்வுறவினரை வரிசைப்படுத்தும்போது தாயின் உடன்பிறந்தாள் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், உடன்பிறந்தாளின் கணவன், அவள் மக்கள் என்று உறவு நீள்கிறது. இரு ஆடவரைப் பிணைக்கும் கண்ணியாக மட்டுமே பெண் அங்கு நிற்கிறாள். அவளுக்குத் தடை என்று ஒரு சொல்லும் கல்வெட்டில் இல்லை. தடை விதிக்க வேண்டிய தேவை எவருக்கும் தோன்றவில்லை என்பதே இதன் பொருள் எனக் கொள்ளலாம்.

ஏறத்தாழ இதே காலத்தில் கன்னட நாட்டில் வேறொரு நிலை காணப்படுகிறது. இராட்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணனின் ஆட்சிப் பரப்பில், நாகரகண்டம் எழுபது என்னும் நாட்டுப் பிரிவின் நாட்காவுண்டப் பதவியை வகித்த சத்தரச நாகார்ச்சுனன் இறந்தபின், அப்பதவி அவன் மனைவி சக்கியப்பைக்கு வழங்கப்பட்டது. இன்றைய சிவமொக்கா மாவட்டத்துப் பந்தளிகே என்னும் ஊரில் உள்ள கல்வெட்டு அவளுடைய ஆட்சித் திறனைப் புகழ்கிறது. சமணப் பெண்ணாகிய அவள் நோயுற்றபின் பதவியை மகளிடம் ஒப்படைத்து, நோன்பிருந்து உயிர் நீத்தாள் என்றும் கூறுகிறது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெண் நாட்டு நிருவாகத்தை ஏற்று நடத்தியது எண்ணத்தக்கது. எனினும் அவள் அப்பதவிக்கு வந்த வழி கணவனின் இறப்பு. இந்த வழி சக்கியப்பையோடு முடிந்துவிடவில்லை. பணியில் இறந்த கணவனுக்கு ஈடாகக் கருணை அடிப்படையில் மனைவி பணியமர்த்தப்படும் முறை இக்கால அலுவலகங்களிலும் உள்ளது. பெண் வேலைக்கு வர ஆண் இறக்க வேண்டியிருந்த நிலை எவ்வளவு நீண்டது என்பதை இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்போர் உணர்வர்.

நியமனம், இணைப்பு, ஒதுக்கீடு

1882ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் வெளியான ரிப்பன் பிரபுவின் தீர்மானம் இக்கால உள்ளாட்சியின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதன் வழி வந்த நகராட்சிகளில் வாக்குரிமை வரி, சொத்து ஆகியவற்றைச் சார்ந்து அமைந்தமையால் பெண்கள் பெரும்பாலும் வெளியே நின்றனர். சென்னைச் சட்டமன்றம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. மருத்துவர் முத்துலட்சுமி 1927இல் அம்மன்றத்தின் துணைத் தலைவரானார். விடுதலைக்குப் பின் தாரா செரியன் 1956இல் சென்னையின் முதல் பெண் மேயராகவும், அருணா ஆசப் அலி 1958இல் தில்லி மாநகராட்சியின் முதல் மேயராகவும் பொறுப்பேற்றனர். இப்பெயர்கள் பெருமைக்குரியவை. ஆயினும் இவை தனிமனிதப் பெருமைகளே. சென்னையில் காமாட்சி செயராமன் 1971–72இல் மேயராக இருந்தார். அவருக்குப் பின் அடுத்த பெண் மேயர் பிரியா 2022 மார்ச்சில்தான் பதவியேற்றார். இடையில் கழிந்தவை ஐம்பது ஆண்டுகள். 1973 முதல் 1996 வரை மாநகராட்சி மன்றமே இல்லாதிருந்தது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். 2022இல் அப்பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தமையே அத்தொடர்ச்சியின்மை முடிவுற்றதற்குக் காரணம்.

ஊராட்சிகளில் பெண்களின் இடம் முதலில் 'இணைத்துக்கொள்ளுதல்' என்னும் வடிவில் அமைந்தது. பல்வந்தராய் மேத்தா குழு 1957இல், பெண்கள் குழந்தைகள் நலனில் ஈடுபாடுள்ள இரண்டு பெண்களைச் சமிதியில் இணைத்துக்கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தது. பொதுவாக ஊரின் செல்வாக்குள்ள குடும்பத்துப் பெண்ணின் பெயர் ஏட்டில் ஏறுவதே இதன் நடைமுறைப் பயனாக இருந்தது. அசோக் மேத்தா குழு 1978இல் ஒரு படி முன்னேறி, தேர்தலில் நின்று வெற்றி பெறாவிடினும் மிகுதியான வாக்குப் பெற்ற இரு பெண்களை இணைக்குமாறு கூறியது. கருநாடகம் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 25 விழுக்காடு இடங்களை ஒதுக்கி 1987இல் தேர்தலும் நடத்தியது. பின்வந்த அரசியல் சட்டத் திருத்தங்களுக்கு இது ஒரு முன்மாதிரி எனல் தகும். 64ஆவது திருத்த முன்வரைவு 1989இல் மாநிலங்களவையில் வீழ்ந்தது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதலும், 74ஆவது திருத்தம் அவ்வாண்டு சூன் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. உறுப்பினர் இடங்களிலும், ஊராட்சிகளின் தலைமைப் பதவிகளிலும் மூன்றில் ஒன்றுக்குக் குறையாத பங்கு பெண்களுக்கு உறுதியாயிற்று. பீகார் 2006இல் இதனைப் பாதியாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைச் செய்தது. இன்று நாடு முழுவதும் ஊராட்சி அமைப்புகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோரில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் பெண்கள். எண்ணிக்கையில் 14 இலட்சத்திற்கு மேற்பட்டோர்.

இவ்வெண்ணிக்கையைக் கண்டு மகிழ்வோரும் உளர். கணவன்மார் நடத்தும் ஆட்சி என ஒதுக்குவோரும் உளர். வடமாநிலங்களில் 'சர்பஞ்ச் பதி', 'பிரதான் பதி' என்று அதற்குப் பெயரே உண்டு. சத்தீசுகரின் ஒரு சிற்றூரில் 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் உறுப்பினர்களுக்கு மாறாக அவர்தம் கணவர்கள் உறுதிமொழி ஏற்ற செய்தியும் வந்தது. இந்நிலையை மறுப்பதற்கில்லை. ஆனால் இதனையே முழு உண்மையாகக் கொள்வோர் இரண்டு சான்றுகளை விட்டுவிடுகின்றனர் என்பது கட்டுரையாளர் கருத்து.

முதலாவது மதுரை. 1996ஆம் ஆண்டுத் தேர்தலில் வில்லாபுரம் பகுதியிலிருந்து மாநகராட்சி மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லீலாவதி. நெசவாளர் குடும்பத்தவர், மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியினர். தம் பகுதிக்குக் குடிநீர்க் குழாய் வரவேண்டும் என்று போராடினார். குழாய் வந்தால் தண்ணீர் விற்போருக்குப் பிழைப்பில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று அவர் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒப்புக்கு அமர்த்தப்பட்ட உறுப்பினரை எவரும் அஞ்சிக் கொல்வதில்லை. இரண்டாவது சான்று ஆய்வு வழிப்பட்டது. இராகபேந்திர சட்டோபாத்தியாய், எசுதர் தூப்ளோ ஆகியோர் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் இராசத்தானின் உதயப்பூர் மாவட்டத்திலும் மேற்கொண்டு 2004இல் வெளியிட்ட ஆய்வு, தலைமைப் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டதைக் காட்டியது. ஒதுக்கீடு சுழற்சி முறையில் அமைந்தமையால் இவ்வேறுபாட்டைத் தற்செயல் எனத் தள்ள இயலாது.

இங்குச் சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. அகப்பாடல் மரபில் 'தலைவி' காதலுக்குரியவள். அதனாற்போலும் ஊராட்சியை நடத்தும் பெண்ணைத் தமிழ் 'தலைவர்' என்றே வழங்குகிறது. மக்கள் வழக்கில் அது 'தலைவரம்மா' ஆயிற்று. உயர்வுப் பன்மை விகுதி பால் வேறுபாட்டை மறைக்கிறது. 'அம்மா' அதனைத் திரும்பச் சேர்க்கிறது. இவ்விரட்டை நிலை அப்பதவியின் நிலையையும் ஒருவாறு காட்டும்.

பணிகளின் பாற்பாகுபாடு

1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் ஆடவர் கிராம சேவகராக வேளாண்மைக்கும், பெண்டிர் கிராம சேவிகையாக இல்லப் பணிகளுக்கும் பிரிக்கப்பட்டனர். சேவிகையரை மேற்பார்க்க முக்கிய சேவிகா. அவரே தமிழில் பின்னர் ஊர்நல அலுவலர் ஆனார். வயலில் பெண்கள் உழைத்த நாட்டில், வயலைப் பற்றிய அறிவு ஆடவருக்கும் அடுப்பைப் பற்றிய அறிவு பெண்டிருக்கும் என்று அரசு வகுத்தது வியப்பிற்குரியது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982இல் தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டமும் ஊர்தோறும் பெண்களுக்கு வேலை தந்தன. அவ்வேலையின் இயல்போ வீட்டு வேலையின் நீட்சி. அதற்கான கூலியும் அவ்வாறே அளக்கப்பட்டது.

பணிப்பெயர்கள் இதனைத் தெளிவாக்கும். தொல்காப்பியத்தில் வளர்ப்புத் தாயாகிய செவிலி இன்று மருத்துவமனையின் செவிலியர். போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த 'ஆயா' அங்கன்வாடியில் நிலைத்தது. குறளில் நுகர்பொருளைக் குறிக்கும் 'துப்புரவு' குப்பை அள்ளும் பணிக்குப் பெயராகி, சாதியின் சுமையையும் ஏற்றது. தமிழ்நாட்டரசு 2020இல் அதனைத் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றியது. பெயர் மாறியது நன்றே. ஒப்பந்த முறையில் அப்பணியாளர் நிலை என்ன ஆயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது.

வேலைவாய்ப்பில் ஒதுக்கீடு என்பதற்கு அரசியல் சட்டத்தில் 243ஆம் கூறுக்கு நிகரான கட்டாயம் இல்லை. மாநிலங்களின் விருப்பத்தைச் சார்ந்தே அது அமைந்தது. தமிழ்நாடு 1989இல் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கியது. ஆயினும் ஒதுக்கீடு பொருந்துவது முறையான பணியிடங்களுக்கே. பணியிடமே இல்லாத பணிக்கு எதை ஒதுக்குவது?

தில்லி மாநகராட்சி வழக்கு

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர்கள் தில்லி மாநகராட்சியின் நாட்கூலிப் பெண்கள். சாலை அமைத்தல், பராமரித்தல், பள்ளம் தோண்டுதல் முதலிய பணிகளில் ஆண்டுக்கணக்காக உழைத்தும் அவர்கள் பெயர் வருகைப் பதிவேடு எனப்படும் 'மஸ்டர் ரோலில்' மட்டுமே இருந்தது. நிரந்தரப் பெண் பணியாளருக்கு மகப்பேற்று விடுப்பு உண்டு, இவர்களுக்கு இல்லை. வேலை நிரந்தரமாக இருந்தது. வேலை செய்பவர் மட்டுமே தற்காலிகமாக இருந்தார். தில்லி நகராட்சித் தொழிலாளர் சங்கம் இதனை எழுப்ப, சிக்கல் தொழில் தீர்ப்பாயத்திற்குச் சென்றது. மூன்றாண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து பணியாற்றிய பெண்களுக்கு மகப்பேற்றுப் பயன்கள் வழங்கப்படவேண்டும் என்று தீர்ப்பாயம் 1996 ஏப்ரல் 2 அன்று முடிவு கூறியது.

மாநகராட்சி அதனை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 1997 சனவரியில் அதன் மனுவைத் தள்ளினார். மேல்முறையீடு காலத்தாழ்வின் காரணமாக 1998 மார்ச்சில் தள்ளப்பட்டது. பின்னும் மாநகராட்சி உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பயன் சட்டம் தனக்குப் பொருந்துமாறு அறிவிக்கப்படவில்லை என்பதும், நாட்கூலிப் பணியாளர்க்கு அது உரியதன்று என்பதும் அதன் வாதத்தின் சாரம். நீதிபதிகள் சாகிர் அகமது, வாத்வா ஆகியோர் 2000 மார்ச் 8 அன்று தீர்ப்பளித்தனர். சட்டத்தில் நிரந்தரப் பெண், தற்காலிகப் பெண் என்னும் பாகுபாடு இல்லை என்று அவர்கள் கண்டனர். அரசியல் சட்டத்தின் 42ஆம் கூறினையும், பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் துணைக்கொண்டனர். மாநகராட்சியின் முறையீடு தள்ளுபடியாயிற்று. அந்நாள் உலக மகளிர் நாளாக அமைந்தது.

தீர்ப்பைப் போற்றுவோர் கவனிக்கத் தவறும் ஒன்று, அதன் காலம். தீர்ப்பாயம் முடிவு கூறிய நாளில் கருவுற்றிருந்த ஒருத்தியின் குழந்தை, உச்ச நீதிமன்றம் முடிவு கூறிய நாளில் மூன்று வயதைக் கடந்திருக்கும். மேலும், 74ஆவது திருத்தத்திற்குப் பின் தில்லி மாநகராட்சிக்கு 1997 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. அதாவது, கருவுற்ற கூலிப் பெண்ணுக்கு விடுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்ட மாநகராட்சி, பெண் உறுப்பினர்கள் கணிசமாக அமர்ந்திருந்த மாநகராட்சி. இதற்கு அப்பெண் உறுப்பினர்களைக் குறை கூறுதல் பொருந்தாது. வழக்கு நடத்துவது ஆணையர் தலைமையிலான அலுவலகம். மன்றத்தின் பார்வைக்கு அது வருவதற்கான வழிகள் குறுகியவை. இருக்கையும் ஊதியமும் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்காமைக்கு இதுவே அமைப்பு வழிப்பட்ட காரணம் எனலாம்.

மதிப்பூதியம் என்னும் சொல்

அங்கன்வாடிப் பணியாளர் வரலாறு இதனினும் நுட்பமானது. அவர்கள் நாட்கூலியரும் அல்லர். அவர்கள் பெறுவது 'மதிப்பூதியம்'. மதிப்பையும் ஊதியத்தையும் இணைத்த இச்சொல், ஊதியத்திற்குரிய உரிமைகளை நீக்கும் பணியையே செய்துவந்தது. கருநாடக அரசுக்கும் அமீர்பி என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 திசம்பரில், அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என்று கூறிவிட்டது. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அம்முடிவே அவர்களுக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்டது.

மாற்றம் குசராத்திலிருந்து வந்தது. பழங்குடியினர் மிகுதியாக வாழும் தாகோது மாவட்டத்தில், ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை கேட்டனர். கட்டுப்பாட்டு அதிகாரி வழங்க ஆணையிட்டார். மாவட்ட வளர்ச்சி அலுவலர் அதனை எதிர்த்தார். உயர் நீதிமன்ற ஆயம் அலுவலர் பக்கம் நின்றது. பெண்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2022 ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் அசய் ரசுத்தோகி, அபய் ஓகா ஆகியோர் பணிக்கொடைக்கு அவர்கள் உரியவர் என்று தீர்ப்பளித்தனர். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அங்கன்வாடி ஒரு சட்டக் கடமையை நிறைவேற்றும் அமைப்பாகிவிட்டது; அங்குப் பணியாற்றுவோர் பதவி சட்டத்தின் வழிப்பட்டது; ஆதலின் அமீர்பி வழக்கின் முடிவு இதற்குத் தடையாகாது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. மதிப்பூதியம் என்று அழைக்கப்பட்டாலும் அது செய்த வேலைக்கான ஊதியமே என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. ஒரு சொல்லின் பொருளை மீட்க ஓய்வுபெற்ற பெண்கள் வழக்காட வேண்டியிருந்தது.

குசராத்தில் மாவட்ட வளர்ச்சி அலுவலர் என்பவர் மாவட்ட ஊராட்சியின் செயல் அலுவலர். அம்மாநிலத்தில் 2015ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியவை. தம் பெயரால் இயங்கும் அலுவலகம், தம் மாவட்டத்துப் பெண்களின் பணிக்கொடையை எதிர்த்து வழக்காடிய செய்தி மாவட்ட ஊராட்சியின் கூட்டப் பொருளில் என்றேனும் இடம்பெற்றதா? அங்கு அமர்ந்திருந்த பெண்கள் அதுபற்றி ஏதேனும் கூறினரா? தீர்ப்புகளில் இதற்கு விடை இல்லை. தில்லி மாநகராட்சியின் 1997–2000ஆம் ஆண்டுகளுக்கும் இதே வினா பொருந்தும். தீர்மானப் பதிவேடுகளைத் தேடிப் படிப்பதே இனி இத்துறையில் செய்யவேண்டிய முதற்பணி.